ஊறுகாய்ப்புல்லில் பாக்டீரியா சேர்ப்பது: கேள்வி பதில்

கேள்வி: பச்சைத் தீவனத்தைக் குழியில் காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்து ஊறுகாய்ப்புல் (சைலேஜ்) செய்கிறோம். அதைப் புளிக்கவைக்கும் லாக்டிக் அமில பாக்டீரியா தீவனத்தில் இயற்கையாகவே இருக்கும்போது, அதை வாங்கித் தெளிப்பது எதற்காக?

பதில்: இருப்பது உண்மைதான். ஆனால் அவற்றின் எண்ணிக்கை பயிருக்குப் பயிர், நாளுக்கு நாள் மாறுகிறது. அவற்றில் பல வகைகள் பயிரின் சர்க்கரையில் ஒரு பங்கை எத்தனாலாகவும் கரியமில வாயுவாகவும் வீணாக்கிவிடுகின்றன. லாக்டோபிளான்டிபேசில்லஸ் பிளான்டாரம், பீடியோகாக்கஸ் போன்றவையோ ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து இரண்டு லாக்டிக் அமில மூலக்கூறுகளை உண்டாக்குகின்றன. ஒரு கிராம் பச்சைத் தீவனத்துக்கு 1 லட்சம் உயிருள்ள பாக்டீரியா என்ற கணக்கில் இவற்றைச் சேர்த்தால், குழியை மூடிய முதல் சில நாட்களிலேயே பி.எச். அளவு (இது இறங்க இறங்கப் புளிப்பு கூடும்) விரைந்து இறங்குவதால், புரதம் அம்மோனியாவாகச் சிதைவது குறைகிறது.

கேள்வி: அதே பிளான்டாரத்தைத்தான் தெளித்தேன். மணமும் நிறமும் நன்றாக இருந்தும், குழியைத் திறந்த மறுநாளே மக்காச்சோளத் தீவனம் சூடாகிவிட்டது. ஏன்?

பதில்: பலரை ஏமாற்றும் இடம் இதுதான். காற்றுப் பட்டவுடன் விழித்துக்கொள்ளும் ஈஸ்டுகளுக்கு லாக்டிக் அமிலமே உணவு. அவற்றை அடக்கக்கூடிய அசிட்டிக் அமிலமோ நன்றாகப் புளித்த தீவனத்தில் மிகக் குறைவு. உங்கள் தேவைக்கு ஏற்றது பியூக்நெரி என்னும் பாக்டீரியா. லாக்டோபேசில்லஸ் என்றிருந்த அதன் பெயரின் முதற்பகுதி 2020-இல் லென்டிலாக்டோபேசில்லஸ் என மாற்றப்பட்டதால், பொட்டலத்தில் இரண்டில் எது இருந்தாலும் ஒன்றுதான். அது லாக்டிக் அமிலத்தின் ஒரு பகுதியை அசிட்டிக் அமிலமாக மாற்றுகிறது; ஆனால் மெதுவாகத்தான். 45 முதல் 60 நாட்களாவது குழி மூடியிருக்க வேண்டும். மூன்றே வாரத்தில் திறக்கப் போகிறவர் அதற்குச் செலவழிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். எதைச் சேர்த்தாலும், திறந்த முகப்பு முழுவதிலும் தினமும் 15 முதல் 30 செ.மீ. வரை வெட்டி எடுங்கள்.

கேள்வி: குழாய் நீரில் கலக்கலாமா?

பதில்: குளோரின் கலந்த நீரானால் வேண்டாம், அது பாக்டீரியாவைக் கொன்றுவிடும். வெந்நீரும் கூடாது. கலந்த கரைசலை வெயிலில் வைக்காமல், அன்றே தீர்த்துவிடுங்கள்.

கேள்வி: மழைக்கிடையே வெட்டிய குதிரைமசாலைப் பாக்டீரியா தெளித்து மூடினேன். திறந்தபோது வெண்ணெய் கெட்டது போன்ற நாற்றம் வந்தது. மருந்து தரமற்றதா?

பதில்: அப்படி நினைக்க வேண்டியதில்லை. அந்த நாற்றம் பியூட்ரிக் அமிலத்தினுடையது. அதை உண்டாக்குபவை ஈரத்தில் செழிக்கும் கிளாஸ்டிரிடியம் வகைகள். குதிரைமசால் போன்ற பயறுவகைத் தீவனத்தில் சர்க்கரை குறைவு; அமிலம் உண்டானாலும் பி.எச். எளிதில் இறங்காது. சர்க்கரையே இல்லாத இடத்தில் எத்தனை கோடி பாக்டீரியாவைத் தெளித்தாலும் அவை எதைக் கொண்டு அமிலம் செய்யும்? உலர்பொருள், அதாவது நீர் நீங்கலான பகுதி, 30 விழுக்காட்டைத் தாண்டும்வரை வாடவிடுவதே முதல் மருந்து. வாடவிட வழியில்லையென்றால் கரும்புப்பாகு சேர்க்கலாம். அமிலத்தையே நேரடியாகவும் ஊற்றலாம். பின்லாந்தின் ஆர்த்துரி விர்த்தானன் அமிலத்தைச் சேர்த்துத் தீவனத்தைக் காக்கும் முறையை உருவாக்கினார். 1945-இல் அவர் வேதியியல் நோபல் பரிசு பெற்றதில் அந்தப் பணிக்கும் பங்குண்டு.

கேள்வி: பால் கூடுமா?

பதில்: சில ஆய்வுகளில் சிறிதளவு கூடியிருக்கிறது, சிலவற்றில் கூடவில்லை. குழிக்குள் போன உலர்பொருளில் எவ்வளவு மாட்டின் வாய்க்கு வந்து சேர்கிறது என்பதை வைத்துச் செலவைக் கணக்கிடுங்கள்.

கேள்வி: ஓரங்களில் பூஞ்சை பிடித்த தீவனத்தின்மேல் இப்போது தெளித்தால் சரியாகுமா?

பதில்: ஆகாது. பூஞ்சை உண்டாக்கிய நஞ்சு பாக்டீரியா தெளிப்பதால் நீங்கிவிடாது. அந்தப் பகுதியையும் அதை ஒட்டியுள்ள தீவனத்தையும் அகற்றி எறிந்துவிடுங்கள். சினை மாடுகளுக்கு அதில் ஒரு பிடிகூடப் போக வேண்டாம். அடுத்த முறை ஓரங்களை இன்னும் நன்றாக மிதித்து இறுக்கி, விரிப்பின் விளிம்பில் காற்றுப் புகாதபடி மண்ணைப் பரப்பி மூடுங்கள்.