புல்லு வெட்டப் போகிற பிள்ளைக்கு வீட்டை ஈடு வைக்கலாமா?

போன சனிக்கிழமை, ரொறன்ரோவுக்குப் பக்கத்திலுள்ள மார்க்கம் நகரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, பதினேழு வயது மகன், கூடவே பெரியப்பா. ஆலோசனைக்கு நாலு பேராக வந்தால் எனக்குப் பாதிக் கதை அப்போதே விளங்கிவிடும். பிள்ளை ஏதோ கேட்டிருக்கிறான், வீடு பிளவுபட்டிருக்கிறது.

"ரீச்சர், இவன் கொம்பியூட்டர் இஞ்சினியரிங் வேண்டாமாம். புல்லு வெட்டப் போறானாம்" என்றார் அம்மா. "புல்லு" என்ற இடத்தில் குரல் தணிந்தது, பக்கத்து அறைக்குக் கேட்டுவிடுமோ என்பதுபோல.

அந்தக் கூச்சம் எனக்குப் புதிதல்ல. எங்கள் ஊரில் முற்றம் என்றால் விடியற்காலையில் விளக்குமாறு போட்டுக் கூட்டிய மணல். அதில் புல் முளைத்துக் கிடந்தால் அந்த வீட்டில் ஆளில்லை என்று பொருள். புல்லு வெட்டுவது மாட்டுக்கும் ஆட்டுக்கும்தான். "படிக்காட்டில் மாடு மேய்க்கத்தான் போவாய்" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். இங்கே, கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், புல்லுக்கென்றே பல்கலைக்கழகத்தில் டிப்ளோமா இருக்கிறது என்றால் சிரிப்போம். குவெல்ப் பல்கலைக்கழகத்தில் உண்மையாகவே இருக்கிறது.

அம்மாவைத் தேற்றத்தான் தொடங்கினேன். பிள்ளை நல்ல பிள்ளை, பார்ப்போம், யோசிப்போம் என்று. அதற்குள் அப்பா வாயைத் திறந்தார். நான் எதிர்பார்த்தது மறுப்பை. வந்தது தாராளம்.

"நான் தடுக்கேல்லை ரீச்சர். ஆனா என்ர பிள்ளை தெருத்தெருவா மெஷினைத் தள்ளிக்கொண்டு திரியிறதை நான் பாக்க மாட்டன். வீட்டை ஈடு வைச்சு எடுக்கிற லைன் ஒஃப் கிரெடிட் கடன் இருக்கு. மார்கழியிலை ஒரு சீட்டும் எடுக்கலாம். 70,000 போட்டு ட்ரக், ட்ரெய்லர், ஏறி இருந்து ஓடுற மெஷின் எல்லாம் வாங்கிக் கம்பனியாவே தொடங்கிக் குடுக்கிறன். முதலாளியா இருக்கட்டும்."

பெரியப்பா குறுக்கிட்டார். "அந்தக் காசுக்கு வோட்டர்லூ யூனிவர்சிற்றியிலை படிப்பிக்கலாம்."

அதோடு தேற்றுவதை நிறுத்திவிட்டேன். இருவரிடமும் வேண்டாம் என்றேன்.

பெரியப்பாவுக்கான பதில் சின்னது. அவருடைய மகன் மென்பொருள் வேலையில் நன்றாக இருக்கிறார். சந்தோசம், அது அவருடைய மகனின் கதை. இந்தப் பிள்ளை கணிதத்தில் தட்டுத்தடுமாறி அறுபதைத் தொடுகிறவன். அந்தத் துறையில் ஒரு நாளும் தானாக ஒரு வரி எழுதிப் பார்க்காதவன். இவனை அங்கே அனுப்பினால் இரண்டாம் ஆண்டில் திரும்பி வருவான், கடனோடும் வெட்கத்தோடும். உறவுகளுக்குக் கலியாண வீட்டில் சொல்ல ஒரு பெயர் வேண்டும் என்பதற்காக ஒரு பிள்ளையின் நாலு வருடத்தைக் கொடுக்க என்னால் சம்மதிக்க முடியாது. பெரியப்பா முகத்தைச் சுளித்தார். பரவாயில்லை.

பிறகு பிள்ளையிடம் திரும்பினேன். உண்மையான விருப்பமா, கணிதத்துக்குப் பயந்து ஓடுகிறானா என்று பார்க்க வேண்டுமே. "போன கோடையில் என்ன செய்தாய்?" என்றேன். ஒரு கொப்பியை எடுத்து நீட்டினான். 11 வீடுகள், எல்லாம் இரண்டு தெருக்களுக்குள். எந்த வீட்டில் நாய், எந்த வீட்டுப் பின்வளவில் கறிவேப்பிலைச் சாடி வெயிலுக்கு வைத்திருக்கிறார்கள், யார் காசு தரப் பிந்துகிறார்கள், எந்த வளவில் வடக்குப் பக்கம் பாசி, எல்லாம் எழுதியிருந்தான். ஓரிடத்தில், "இங்கே ஸ்கங்க் கிண்டியிருக்கு. வேரோடை கம்பளம் மாதிரி சுருட்டலாம். புழு" என்று இருந்தது. ஸ்கங்க் என்பது மண்ணிலுள்ள புழுவைத் தேடிப் புல்லைக் கிண்டுகிற நாற்றப் பிராணி.

பயந்து ஓடுகிற பிள்ளை இப்படி எழுத மாட்டான். செலவு போகக் கையில் 3,800 டொலர் மிச்சம் வைத்திருந்தான். அப்பாவின் பழைய மெஷினில் உழைத்தது.

இனி அப்பாவின் 70,000. வட்டி ஆறு வீதம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 4,200 டொலர், முதல் அப்படியே நிற்கும். ஒரு வீட்டுக்கு ஒரு தடவைக்கு 45 டொலர் வாங்கினால், 94 தடவை புல்லு வெட்டினால்தான் வட்டி கட்டி முடியும். பெற்றோல், பிளேட், இன்சூரன்ஸ் இன்னும் கணக்கில் வரவில்லை. பதினேழு வயதுப் பையனுக்கு ரொறன்ரோப் பக்கத்தில் ட்ரக் இன்சூரன்ஸ் என்ன விலை என்று அப்பா கேட்டுப் பார்க்கவே இல்லை. அதைவிட, அவனிடம் இருப்பது ஜீ-1 லைசென்ஸ். பக்கத்தில் அனுபவமுள்ள ஒருவர் இருக்காமல் அவன் அந்த ட்ரக்கை வாசலை விட்டு எடுக்கவே முடியாது. வாங்கினால் யார் ஓட்டுவது? "நான்தான் வேலை முடிய..." என்று இழுத்தார். இரவு வேலைக்குப் போகிற மனிதர்.

காசுக் கணக்கை விட எனக்குப் பெரிய கவலை ஒன்று உண்டு. 300 டொலர் மெஷினோடு தொடங்குகிறவனுக்கு இந்தத் தொழில் தனக்குச் சரிவராது என்று ஒரு ஆடி மாத வெயிலில் தெரிந்தால், விட்டுவிட்டு வரலாம். மெஷினைப் பாதி விலைக்கு விற்கலாம். அப்பாவின் வீட்டை ஈடு வைத்துத் தொடங்கியவனால் விட முடியாது. தொழிலை விடுவது அப்பாவைக் கைவிடுவதாகிவிடும். சில ஆண்டுகளுக்கு முன் இதேபோல ஒரு குடும்பத்தைப் பார்த்தேன். பிள்ளைக்கு இரண்டாம் கோடையிலேயே மனம் விட்டுப்போயிற்று. வாய் திறந்து சொன்னது நாலாம் கோடையில். ட்ரக்கை விற்றார்கள், கடனை ஒருவாறு அடைத்தார்கள். தகப்பனும் மகனும் இன்னும் சரியாகக் கதைப்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. இந்தத் தொழிலில் காசு புல்லில் இல்லை, தெருவில் இருக்கிறது. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போக எத்தனை நிமிடம் என்பதுதான் இலாபம். பெரிய ட்ரக் வைத்திருப்பவன் தவணை கட்டுவதற்காக கிழக்கே ஏஜக்ஸிலும் வீடு பிடிப்பான், மேற்கே பிரம்ப்டனிலும் பிடிப்பான், பகலில் பாதி 401 நெடுஞ்சாலையில் நிற்பான். மெஷினைத் தள்ளிக்கொண்டு போகிற பையனால் நடந்து போகிற தூரத்துக்குள்தான் பிடிக்க முடியும். அப்பாவுக்கு வெட்கமாக இருக்கிற அந்தத் தள்ளுவண்டி நடைதான் இவனுடைய 11 வீடுகளையும் இரண்டு தெருக்களுக்குள் வைத்திருக்கிறது. அதை 25 ஆக்கட்டும், கூடினால் பக்கத்து நாலு தெருக்களுக்குள். தனியாக ஓட்டவிடுகிற ஜீ-2 லைசென்ஸ் கிடைத்த பிறகு, தன் காசில், ஒரு பழைய வாகனம்.

அதுவரைக்கும் அவன் தன் 3,800இல் முதலில் வாங்க வேண்டியது மெஷின் அல்ல, பொறுப்புக் காப்புறுதி. ட்ரிம்மர் கயிறு ஒரு கல்லைத் தெறிக்க வைத்தால் கண்ணாடிக் கதவு போய்விடும். வீட்டு இன்சூரன்ஸ் தொழிலுக்கு உதவும் என்று நம்ப வேண்டாம். ஒன்ராறியோவில் தன் முழுப் பெயரிலேயே தனியாளாகத் தொழில் செய்தால் பெயர் பதிவு தேவையில்லை. வேறு பெயர் வைத்தால் 60 டொலர், 5 ஆண்டுக்குச் செல்லும். தொடர்ந்து நாலு காலாண்டுகளில் வருமானம் 30,000 டொலரைத் தாண்டும்வரை எச்.எஸ்.ரி. என்ற விற்பனை வரிக்குப் பதிவும் தேவையில்லை. வருமானத்தை மட்டும் ஒளிக்காமல் காட்ட வேண்டும். "காசாத் தாங்கோ" பழக்கம் இவனுக்கு வர வேண்டாம்.

இனி, யாருமே கேட்காத விசயம். வந்த நாலு பேருக்கும் தெரிந்த வழிகள் இரண்டுதான்: பல்கலைக்கழகம், அல்லது கம்பனி. நடுவில் ஒன்று இருக்கிறது. ஹோர்ட்டிகல்ச்சரல் ரெக்னீஷியன், அதாவது தோட்டக்கலைத் தொழிலாளி, என்று ஒன்ராறியோவில் பதிவான தொழில். அப்ரென்டிஸாக, அதாவது வேலை பழகுநராக, சேர்ந்து மொத்தம் 5,400 மணித்தியாலம். பெரும்பகுதி சம்பளத்தோடு வேலையில், 720 மணித்தியாலம் மட்டும் வகுப்பில். வகுப்பு இரண்டு கட்டம், ஒவ்வொன்றும் 12 கிழமை, பெரும்பாலும் குளிர்காலத்தில், மண் உறைந்து வேலை இல்லாத நேரத்தில். அந்தக் கிழமைகளுக்குத் தகுதி இருந்தால் ஈ.ஐ. என்ற வேலையிழப்புக் காப்புறுதிக் காசு எடுக்கலாம். முடித்துப் பரீட்சையில் தேறினால் ரெட் சீல் என்ற சான்று, அது மற்ற மாகாணங்களிலும் செல்லும்.

இவன் அதற்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே போகலாம். ஓயாப் என்று ஒரு திட்டம், ஒன்ராறியோ இளைஞர் அப்ரென்டிஸ் திட்டம். செப்டெம்பரில் 12ஆம் வகுப்புக்குப் போகிறான். இரண்டாம் செமஸ்டர் பெப்ரவரியில் தொடங்கி ஜூனில் முடிகிறது, சரியாக வசந்தகால வேலை தொடங்கும் காலம். அதில் கோ-ஒப், அதாவது வேலைத்தலத்தில் நின்று படிக்கிற பாடம், எடுத்து ஒரு நல்ல தோட்டக் கம்பனியில் நின்றால், பள்ளிக்கூடத்துக்குக் கிரெடிட் வரும்; அப்ரென்டிஸாகப் பதிந்திருந்தால் மணித்தியாலமும் எண்ணப்படும். இதற்காகப் பள்ளிக்கூட வழிகாட்டி ஆலோசகரை இந்தக் கிழமையே பார்க்க வேண்டும், ஆவணி வரை இழுக்கக் கூடாது. 12ஆம் வகுப்பை முடிக்காமல் விடுவது என்ற கதை மட்டும் என் மேசைக்கு வரக் கூடாது. அதைப் பையனிடம்தான் சொன்னேன், கொஞ்சம் கடுமையாக.

புல்லு வெட்டச் சான்றிதழ் எதற்கு என்று பெரியப்பா கேட்டார். நியாயமான கேள்வி. சட்டப்படி தேவையில்லை, யாரும் வெட்டலாம். ஆனால் ஒன்ராறியோ 2009இல் அழகுக்காகக் களைக்கும் பூச்சிக்கும் மருந்தடிப்பதைத் தடை செய்தது. அதற்கு முன் டான்டலியன் என்ற களைக்கு ஒரு போத்தல் மருந்து போதும். இப்போது வீட்டுப் புல்லுக்கு அந்த மருந்து இல்லை. புல்லைக் கெட்டியாக வளர்த்தால்தான் களை வராது. அதற்குத் தெரிய வேண்டியவை இருக்கின்றன. மூன்று அங்குலத்துக்குக் கீழே ஒட்ட வெட்டக் கூடாது, ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. எங்கள் ஆட்கள் காசு மிச்சம் என்று இரண்டு கிழமைக்கு ஒருதரம் மொட்டையடிக்கச் சொல்வார்கள், பிறகு மஞ்சளாகிவிட்டது என்று சண்டைக்கு வருவார்கள். விதை போடுவதற்கு நல்ல காலம் வசந்தம் அல்ல, ஆவணிக் கடைசியும் செப்டெம்பர் முதற்பாதியும். இறுகிய களிமண்ணில் குழாய் குழாயாக மண்ணைத் தோண்டி எடுத்து மூச்சு விட வைக்க வேண்டும். அவன் கொப்பியில் எழுதியிருந்த புழுவுக்கு நெமற்றோட் என்ற கண்ணுக்குத் தெரியாத புழுவை, செப்டெம்பரை ஒட்டி, பின்னேரத்தில், நனைந்த மண்ணில் விட வேண்டும். உச்சி வெயிலில் விட்டால் செத்துப்போகும், வாடிக்கையாளரின் காசும் அதோடு போகும். 45 டொலருக்கு வெட்டுகிற பையனுக்கும், ஒரு வளவைப் பார்த்து நோய் சொல்லி நூற்றுக்கணக்கில் வாங்குகிற தொழிலாளிக்கும் இடையில் இருப்பது ட்ரக் அல்ல, இந்த அறிவுதான்.

பையன் அந்த நேரத்தில்தான் முதல்தரம் நிமிர்ந்து உட்கார்ந்தான். "பின்னேரமா? நான் மத்தியானம் விட்டனான்" என்றான்.

அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப நான் பிள்ளைக்கு ஒண்டும் குடுக்கக் கூடாதோ?" என்றார். கோபமில்லை, உண்மையில் மனம் நொந்திருந்தது. ஊரில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து, இரண்டு வேலை செய்து சேர்த்த மனிதருக்குக் கொடுப்பதுதான் அன்பு. அவரிடம் கொடுக்காதே என்று சொல்வது இலேசல்ல.

கொடுங்கள் என்றேன். ஆனால் பொருளுக்கல்ல, படிப்புக்கு. பிள்ளை பிறந்த நாள் முதல் ஆர்.ஈ.எஸ்.பி. என்ற கல்விச் சேமிப்புக் கணக்கில் போட்டு வருகிறார்கள். அரசாங்கமும் அதில் 20 வீதம் சேர்த்திருக்கிறது, ஆண்டுக்கு 500 டொலர் வரை, மொத்தம் 7,200 வரை. அது பல்கலைக்கழகத்துக்கு மட்டும் என்று அம்மா நினைத்திருந்தார். அப்படியல்ல. அப்ரென்டிஸ் வகுப்புக்கும் தகுதி உண்டு. அந்த 12 கிழமை வகுப்பில் சேர்ந்ததற்கான கடிதத்தைக் கொடுத்து எடுக்கலாம். பிள்ளை இப்போது போகாவிட்டாலும் அவசரமில்லை, கணக்கை 35 ஆண்டு வரை வைத்திருக்கலாம். பிறகு அவனுக்கே மனம் மாறி இருபத்தைந்தில் ஒரு டிப்ளோமா படிக்க விரும்பினால் அந்தக் காசு அங்கே நிற்கும். லைன் ஒஃப் கிரெடிட்டில் வாங்கிய ட்ரக் அன்று துருப்பிடித்து நிற்கும்.

பையனுக்கும் ஒன்று சொன்னேன். சொந்தக் காலில் நிற்கிறேன் என்று பெருமையடிக்க வேண்டாம். வாடகை இல்லாத அறை, அம்மாவின் சோறு, கராஜில் இடம், எல்லாம் குடும்பத்தின் முதல்தான். அதை அந்தக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வை என்றேன். பெரியப்பா இதற்கு மட்டும் தலையாட்டினார்.

அப்பாவுக்கு இந்தக் கோடைக்கு மூன்று வேலை கொடுத்திருக்கிறேன். கராஜில் பாதியைக் காலி செய்வது. பள்ளிக்கூடத்துக்கு மகனோடு போய் ஓயாப் பற்றிக் கேட்பது, பேசுவது மகன், அவர் பக்கத்தில் இருப்பது. மூன்றாவது, தங்கள் வீட்டுப் புல்லுக்கும் மகனிடம் விலை கேட்டு, அவன் சொல்கிற காசை மற்ற வீட்டுக்காரரைப்போலக் கொடுப்பது.

"என்ர வீட்டுக்கோ?" என்றார்.

"45 டொலர் அப்பா" என்றான் பையன். "மூலை வளவு எண்டபடியா 50."

அம்மா சிரித்துவிட்டார். அடுத்த சனிக்கிழமை ஆர்.ஈ.எஸ்.பி. கடுதாசிகளோடு வரச் சொல்லியிருக்கிறேன். பெரியப்பா வரத் தேவையில்லை.