முட்டையைப் பாருங்கள்: தானியச் சேமிப்பு கேள்வி – பதில்

இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலானவை தானிய வண்டுகளைப் பற்றிய கேள்விகள். வேம்பு, வசம்பு, எண்ணெய் என்று எதைப் பயன்படுத்தினாலும் எல்லோரும் வண்டு செத்ததா என்றுதான் பார்க்கிறார்கள். தாவரப் பொருள்களின் பலம் பெரும்பாலும் அதில் இல்லை. வண்டின் இனப்பெருக்கத்தைக் கெடுப்பதில் இருக்கிறது.

விதைப் பச்சைப்பயறில் வேப்பெண்ணெய் கலந்து வைத்தேன். வண்டுகள் சாகாமல் ஊர்ந்துகொண்டே இருந்தன. எண்ணெயில் கலப்படமா? – விவசாயி, கோவில்பட்டி

எண்ணெயைக் குறை சொல்லுமுன் பயறை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். பயறு வண்டு தன் முட்டையை விதைத்தோலின் மேல் ஒட்டவைக்கும். புதிதாக இட்ட முட்டை கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். சில நாளில் பொரித்துவிட்டால் அதே முட்டை சுண்ணாம்புப் பொட்டு போல வெளுத்துவிடும். உள்ளே இருந்த புழு பருப்பைக் குடைந்துகொண்டு இறங்கும்போது, அந்தத் தூளும் கழிவும் காலியான முட்டை ஓட்டில் நிரம்புவதால்தான் அந்த வெளுப்பு.

முட்டையின் ஒரு முனையில் காற்று புகச் சிறு வழி உண்டு. எண்ணெய்ப் படலம் அதை அடைத்தால் உள்ளே இருக்கும் கரு மூச்சு முட்டிச் சாகும். வழவழப்பான தோலில் முட்டைகளும் சரியாக ஒட்டாது. தாய் வண்டும் முட்டையிடத் தயங்கும். ஆகவே உங்கள் பயறில் வெள்ளைப் பொட்டு அநேகமாக இல்லையென்றால் எண்ணெய் தன் வேலையைச் செய்துவிட்டது. பயறு வண்டு சேமிப்பில் இரையே எடுக்காமல் பத்துப் பன்னிரண்டு நாள் வாழும். பிறகு தானாகவே மடியும். அது ஊர்வதைப் பார்த்து மனம் தளர வேண்டாம்.

கிலோவுக்கு 5 மில்லி எண்ணெய் போதும். ஒவ்வொரு விதையிலும் படும்படி கையால் நன்றாகப் புரட்டுவதுதான் முக்கியம். கடலை எண்ணெய், விளக்கெண்ணெய், தேங்காய் எண்ணெய் எதுவும் ஆகும். அளவை மீறினால் முளைப்புத்திறன் குறையலாம். புழு குடைந்து இறங்கிய பிறகு எண்ணெய் தடவுவது வீண். புழு ஏற்கெனவே உள்ளே பத்திரமாக இருக்கிறது. இந்த வண்டு வயலிலேயே காயில் முட்டையிடத் தொடங்கிவிடும் என்பதால், அறுவடை செய்து வெயிலில் நன்றாகக் காயவைத்த உடனே கலந்துவிடுங்கள்.

அரிசி டின்னில் காய்ந்த வேப்பிலை போட்டும் கூன்வண்டு வருகிறது. ஏன்? – இல்லத்தரசி, திருச்சி

இரண்டு காரணங்கள், அம்மா. வேம்பின் முக்கியமான கூட்டுப்பொருளான அசாடிராக்டின் கொட்டைப் பருப்பில்தான் செறிந்திருக்கிறது. இலையில் மிகக் குறைவு. அடுத்தது, கூன்வண்டின் குணம். பெண் வண்டு தன் நீண்ட மூக்கால் அரிசியில் குழி தோண்டி, உள்ளே ஒரு முட்டை வைத்து, பசை போன்ற பொருளால் மூடிவிடுகிறது. பயறு வண்டின் முட்டையைப் போல அது வெளியே கிடப்பதில்லை. தூளும் எண்ணெயும் அங்கே எட்டாது. இப்படி ஒரு பெண் வண்டு தன் வாழ்நாளில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும்.

ஆனால் கூன்வண்டு மாதக்கணக்கில் உயிரோடிருந்து தின்றுகொண்டே இருக்கும். தின்னும் வண்டுக்கு அசாடிராக்டின் உடலுக்குள் போகிறது. ஹார்மோன் ஓட்டத்தைக் குலைக்கிறது. சூலகத்தில் முட்டைக்கு வேண்டிய கருவூண் சேராமல் போகிறது. அதனால்தான் விதை நெல்லுக்கு வேப்பங்கொட்டைத் தூளைப் பரிந்துரைக்கிறோம். சமைக்கும் அரிசிக்கு அந்தக் கசப்பு ஒத்துவராது. வீட்டுக்கு, ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, ஈரமில்லாமல் இறுக மூடி வைப்பதே சரி.

வசம்பு போடலாமா?

விதைக்குத் தாராளமாக. கிலோவுக்கு 10 கிராம் தூள் கலக்கலாம். வசம்பில் உள்ள பீட்டா அசரோன் என்ற வேதிப்பொருள் ஆவியாகப் பரவி, பெண் வண்டின் சூலக வளர்ச்சியையே தடுக்கிறது. 1970களிலேயே இந்திய ஆய்வாளர்கள் இதைக் காட்டிவிட்டார்கள். இறுக மூடிய கலத்தில்தான் ஆவி தங்கும், சாக்கில் தங்காது.

சாப்பிடும் தானியத்தில் மட்டும் கலக்காதீர்கள். இதே பீட்டா அசரோன் எலிகளில் புற்றுநோய் உண்டாக்கியதால், 1968இல் அமெரிக்கா வசம்பை உணவில் சேர்ப்பதைத் தடை செய்தது. தாவரத்திலிருந்து வந்தது என்பதாலேயே ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது.

இவ்வளவு சிரமம் எதற்கு? மூட்டைக்குள் மாத்திரை வைத்தால் ஒரே நாளில் முடிந்துவிடுமே? – வணிகர், விருதுநகர்

ஆள் புழங்கும் இடத்தில் வேண்டவே வேண்டாம், ஐயா. அந்த மாத்திரையில் உள்ள அலுமினியம் பாஸ்பைடு காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பீன் வாயுவாகிறது. அந்த நச்சுக்கு முறிமருந்து கிடையாது. மூட்டைக்குப் பக்கத்தில் தூங்கிய குடும்பங்கள் மடிந்திருக்கின்றன. கிடங்கில் பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே கையாள வேண்டிய பொருள் அது.

பருப்பாக உடைத்து வைத்தால் வண்டு வராதா?

பயறு வண்டு முட்டையிட முழுப்பயறின் வழவழப்பான தோலையே நாடும். ஆகவே உடைத்த பருப்பில் அதன் தொல்லை வெகுவாகக் குறையும். மாவு வண்டு வேறு கதை. உடைந்ததும் பொடிந்ததும்தான் அதற்கு விருப்பம். சலித்து வையுங்கள்.

முதுகலை ஆய்வுக்காகத் தாவர எண்ணெய்களைச் சோதிக்கிறேன். மூன்று நாள் இறப்பு விகிதம் எடுத்தால் போதுமா? – வேளாண் கல்லூரி மாணவி

போதாது. அந்த ஒரு எண்ணிக்கையை மட்டும் வைத்து நல்ல மருந்துகளைப் பயனற்றவை என்று தள்ளிவிடுவார்கள். இட்ட முட்டைகள் எத்தனை, பொரித்தவை எத்தனை, வெளிவந்த அடுத்த தலைமுறை வண்டுகள் எத்தனை என்று மூன்றையும் எண்ணுங்கள். முட்டை குறைந்தால் தாய் வண்டு தயங்குகிறது, அல்லது அதன் சூலகம் பாதிக்கப்பட்டிருக்கிறது. முட்டை இருந்தும் பொரிக்காவிட்டால் கருவே பாதிக்கப்பட்டிருக்கிறது. பொரித்தும் வண்டு வெளிவராவிட்டால் புழு உள்ளே மடிந்திருக்கிறது. மருந்து எந்தப் படியில் வேலை செய்கிறது என்பது இப்படித்தான் புலப்படும்.

கூன்வண்டின் முட்டையை வெறும் கண்ணால் காண முடியாது. தானியத்தை அமில ஃபுக்சின் சாயத்தில் தோய்த்துக் கழுவினால் முட்டைக் குழியின் மூடி மட்டும் செக்கச்செவேலென்று தெரியும். சோதனைக்கு விட்ட வண்டுகளைச் சில நாளில் அகற்றிவிடுங்கள். இல்லையென்றால் தாயையும் மகளையும் சேர்த்து எண்ணிவிடுவீர்கள்.