அகலிகைக்குக் குளுத்தி வேண்டாம்

அன்புள்ள அண்ணா,

புதுமைப்பித்தனின் 'சாப விமோசனம்' கதையைக் கூத்து மெட்டில் இசை நாடகமாக்கிப் பழகி வருகிறோம். எங்கள் ஊர்க் கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசிச் சடங்கு முடிந்ததும் மேடையேற்ற எண்ணம். இராமனைக் குறை சொல்லும் கதைக்கு மத்தளம் அடிக்க, கூத்துப் பழக்கும் அண்ணாவியார் தயங்குகிறார். சீதையும் அகலிகையும் கதைக்கிற கட்டத்துக்கு நாலு மெட்டுப் போட்டும் எதுவும் பொருந்தவில்லை. சீதையை இராமன் தீக்குளிக்கச் சொன்னதைக் கேட்டு, கடைசியில் அகலிகை மறுபடி கல்லாவதோடு விட்டால் சனம் மனம் கனத்துப் போகும், இராமன் மன்னிப்புக் கேட்பதாக மாற்றி, சடங்கின் முடிவில் அம்மனைக் குளிர வைக்கிற குளுத்திப் பாட்டோடு முடிப்போம் என்கிறார்கள் பிள்ளைகள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

— ஒரு வாசகி, தம்பிலுவில்

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதம் வந்த அன்றிரவே கதையைத் திரும்ப எடுத்து வாசித்தேன். 1943இல் வந்த கதை. எத்தனையோ தடவை வாசித்ததுதான், ஆனால் இந்தமுறை ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். தீக்குளித்ததைச் சீதை சொல்கிறாள். அவர் கேட்டாரா என்கிறாள் அகலிகை. 'அவர் கேட்டார், நான் செய்தேன்' என்று சீதை அமைதியாகச் சொல்கிறாள். அகலிகை கத்துகிறாள். அந்த இடத்தில் அவள் மனதில் ஆடியது 'கண்ணகி வெறி' என்று எழுதுகிறார் புதுமைப்பித்தன். இராமாயணக் கதைக்குள் கண்ணகி!

வேறு ஊரார் இதை ஓர் உவமையாக எடுத்துக்கொண்டு கடந்துவிடலாம். நீங்கள் கடக்க முடியாது. கண்ணகியின் கோபத்துக்கு உங்கள் ஊரிலேயே இசை இருக்கிறது. சடங்குக்குக் கோயில் கதவு திறந்த நாளிலிருந்து கண்ணகி வழக்குரைக் காவியம் படிப்பதைக் கேட்டு வளர்ந்த சனம் அல்லவா உங்கள் முன்னால் வந்து குந்தப்போகிறது? பிறகு எதற்கு ஐந்தாவது மெட்டுத் தேடுகிறீர்கள்?

நான் செய்வதாக இருந்தால் இப்படிச் செய்வேன். அதுவரைக்கும் எல்லாப் பாட்டும் கூத்து முறைப்படி போகட்டும். ஆடுகிறவர் ஓரடி பாட, பிற்பாட்டுக்காரர் அதை எடுத்துப் பாட, மத்தளமும் சல்லரித் தாளமும் சேர்ந்து வரட்டும். சீதை அந்த வரியைச் சொல்லும்போது மட்டும் மெட்டு வேண்டாம். வெறும் வசனமாக, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்வதுபோலச் சொல்லட்டும். அவ்வளவு நேரமும் ஒவ்வோர் அடியையும் வாங்கிப் பாடியவர்கள் இந்த ஓரடியை வாங்காமல் இருக்கட்டும். அந்த வெறுமை சனத்துக்கு உடனே விளங்கும். அப்புறம் உடுக்கு. உடுக்கு மட்டும். கூத்துக் களரியில் கேட்காத சத்தம் அது, கோயிலில் கேட்டுப் பழகிய சத்தம். அகலிகை என்ன பாட வேண்டும் என்று நீங்கள் மண்டையை உடைக்க வேண்டியதில்லை, உடுக்கே பாதியைச் சொல்லிவிடும்.

அண்ணாவியாரின் தயக்கத்தை நான் மதிக்கிறேன். அவரை வற்புறுத்த வேண்டாம். 1964இல் பேராசிரியர் வித்தியானந்தன் தயாரித்து மௌனகுரு எழுதிய 'இராவணேசன்' வடமோடிக் கூத்தில் இராவணனே துயர நாயகன் என்று அவருக்கு நினைவுபடுத்துங்கள். பிறகு கதையில் இராமன் விடைபெறும் இடத்தை வாசித்துக் காட்டுங்கள். அகலிகை வழியனுப்ப வெளியே வரவில்லை. காலில் படிந்த தூசி இராமனைச் சுடுகிறது. கல்லைப் பெண்ணாக்கிய காலின் தூசி! இராமனுக்கு ஒரு மனம் இருக்கிறது என்றுதானே கதை சொல்கிறது? வரும்போது முழு ஆட்டத்தோடு வந்த இராமன், போகும்போது ஆடாமல் நடந்து போகட்டும். கால் தூக்கி வைக்கும்போதெல்லாம் சதங்கை மட்டும் கேட்கட்டும். இதற்கு அண்ணாவியார் மறுக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

முடிவை மாற்றத்தான் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். சிறுவயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு குளுத்திக்குப் போவேன். பூசை செய்யும் கப்புகனார் தெளிக்கிற தண்ணீர் முகத்தில் பட்டதும் நெருக்கியடித்து நின்ற அவ்வளவு சனமும் ஒன்றாய் மூச்சு விடும். கண்ணகிக்கு அந்தக் குளிர்ச்சி சரி. அவள் வழக்குரைத்து வென்றவள், மதுரையை எரித்தவள். அகலிகைக்கு என்ன கிடைத்தது? வழக்கே எடுபடாத ஒருத்தியைக் குளிர வைத்து அனுப்பினால் நாம் அவளுடைய வாயை அடைக்கிறோம்.

மேடைக்காகக் கதையை இளக்குவது புதிதல்ல. ஷோலம் அலைக்கெம் எழுதிய பால்காரன் டெவ்யேயின் கதைகளில் அவன் மனைவி கோல்டே இறந்துபோகிறாள். அவற்றிலிருந்து 1964இல் வந்த 'ஃபிட்லர் ஆன் த ரூஃப்' இசை நாடகத்தில் கடைசிவரை உயிரோடு இருக்கிறாள். அருமையான பாட்டுகள்தான். ஆனாலும் மனைவியைப் பறிகொடுத்த அந்த மனிதனின் தனிமை எனக்குக் கதைகளில்தான் கிடைத்தது.

கடைசியில் வாழ்த்திப் பாடும் வாழியும் வேண்டாம். கௌதமன் கைலையை நோக்கிப் போவதோடு கதை முடிகிறது, அங்கேயும் புதுமைப்பித்தன் காட்டுவது குதிகாலைத்தான். அவனுக்குச் சதங்கை கட்டாதீர்கள். வெறுங்காலோடு சனத்துக்கு நடுவால் இறங்கிப் போகட்டும், கல் அங்கேயே கிடக்கட்டும், விளக்கை அணைக்க வேண்டாம்.

நாள் குறித்ததும் அறிவியுங்கள். மட்டக்களப்பிலிருந்து பின்னேர பஸ்ஸில் வந்துவிடுவேன். அண்ணாவியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அண்ணன்