பதில்: ஸ்டிரைக்கால் லாரி லைசென்ஸ் டெஸ்ட் ரத்து, இப்போது என்ன செய்வது?

நண்பரே, டெஸ்டுக்கு நாலு நாள் இருக்கும்போது டெஸ்ட் நடத்துபவர்கள் ஸ்டிரைக்கில் இறங்கிவிட்டார்கள், பழகுநர் உரிமம் அடுத்த மாதம் முடிகிறது, வேலை தருவதாகச் சொன்ன கம்பெனி காத்திருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் உரிமத்தைக் கவனியுங்கள். அது காலாவதியானால் பயிற்சிக்குக்கூட வண்டியைத் தொட முடியாது. மெடிக்கல் சான்றிதழின் தேதியையும் பாருங்கள். டெஸ்ட் ரத்தானதாக வந்த செய்தியை அழித்துவிடாதீர்கள், நீட்டிப்பு கேட்கும்போது அதுதான் சாட்சி. கம்பெனிக்கும் அதையே இன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.

எனக்குப் பெரிய பயம் கைப்பழக்கம் விட்டுப்போவதுதான். ரிவர்ஸில் ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் ட்ரெய்லரின் வால் வலப்பக்கம் போகும். இது புத்தியில் நிற்காது, கையில்தான் நிற்கும். பயிற்சிப் பள்ளியில் வாரம் ஒரு மணி நேரமாவது கேட்டு வாங்குங்கள். ஏர் பிரேக் (காற்றழுத்தத்தில் இயங்கும் பிரேக்) சோதனையின் படிகளை வீட்டிலேயே வாய்விட்டுச் சொல்லிப் பழகலாம்: எஞ்சினை அணைத்து, சாவியை மட்டும் ஆனில் வைத்து, பிரேக்கை மிதித்து மிதித்துக் காற்றை இறக்கினால், பல வண்டிகளில் 60 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) பக்கம் காற்றழுத்தம் குறைந்ததற்கான எச்சரிக்கை வர வேண்டும். (நான் திக்கித் திணறியது இங்கேதான்.)

ஸ்டிரைக் முடிந்த மறுநாளே தேதி கிடைத்துவிடாது, தேங்கிய எல்லோரும் ஒரே நேரத்தில் முண்டுவார்கள். தினமும் காலையில் யாராவது விட்டுக்கொடுத்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.