தீபாவளியும் மோட்டார் அறையும்: கேள்வி பதில்

இராணுவ மருத்துவமனைகளில் மனநல மருத்துவராகப் பணியாற்றி, ஓய்வுபெற்றபின் ஏற்காட்டில் வசிப்பவர், சேலம் மாவட்ட வாசகர்களுக்கு அளித்த பதில்கள்.

ஆத்தூர் வாசகி: ஐயா, என் கணவர் 1999இல் கார்கிலில் இருந்தவர். தீபாவளி வந்தால் மாலையிலேயே மரவள்ளிக் காட்டு மோட்டார் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். "மிலிட்டரிக்காரர் வெடிக்குப் பயப்படுகிறாரே" என்று சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள்.

பீரங்கிக் குண்டுகளுக்கு நடுவே வாரக்கணக்கில் கிடந்தவரின் உடம்பு, சத்தம் கேட்ட கணமே பதுங்கக் கற்றுக்கொண்டுவிட்டது. அன்று உயிரைக் காத்த அந்தப் பாடத்தை, ஊர் திரும்பிவிட்டோம் என்று அறிவு எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும், உடம்பு எளிதில் மறப்பதில்லை. என்னிடம் வந்த ஒருவர் 1987இல் இலங்கைக்குச் சென்ற அமைதிப் படையில் இருந்தவர்; முன்னால் போன வண்டி கண்ணிவெடியில் சிதறியதைக் கண்டவர். ஏற்காட்டுச் சாலையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் அலட்சியமாக வண்டி ஓட்டுவார். ஆனால் குழியை மூடிப் புதிதாகத் தார் பூசிய கறுப்புத் திட்டு ஒன்றைக் கண்டால் ஓரங்கட்டி நிறுத்திவிடுவார். பின்னால் பேருந்து எத்தனை ஹாரன் அடித்தாலும், மனைவி இறங்கிப் போய் அந்தத் திட்டின்மேல் நின்று காட்டிய பிறகுதான் வண்டி நகரும்.

உங்கள் கணவரை அறையிலிருந்து இழுத்து வராதீர்கள். எதிர்பாராத சத்தமே அதிகம் வதைக்கும் என்பதால், தெருவில் எப்போது வெடிப்பார்கள் என்று கேட்டு முன்கூட்டிச் சொல்லுங்கள். (அரசு நேரம் குறித்தாலும் எந்த ஊர் கேட்கிறது?) எனினும், ஒதுங்குவதையே ஒரே வழியாகக் கொண்டால் ஒதுங்க வேண்டிய இடங்கள் ஆண்டுக்காண்டு பெருகும். பயிற்சி பெற்ற நிபுணரின் துணையோடு அந்த நினைவைச் சிறுகச் சிறுக எதிர்கொள்ளும் சிகிச்சை, இத்தனை ஆண்டுகள் கழித்தும் பலன் தரக்கூடியது.

ஓமலூர் மாணவர்: இது புதிய நோயா, ஐயா?

பெயர்தான் புதிது, தம்பி. 1915இல் பிரிட்டிஷ் மருத்துவர் சார்லஸ் மையர்ஸ் 'ஷெல் ஷாக்' (குண்டு அதிர்ச்சி) என்ற பெயரில் இதைப் பற்றி எழுதினார். வியட்நாம் போருக்குப் பின், 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் இதைப் பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய்) என்ற பெயரில் தனி நோயாகப் பட்டியலில் சேர்த்தது. முதல் உலகப் போரில் ஓடிப்போனது, கோழைத்தனம் காட்டியது போன்ற குற்றங்களுக்காகப் பிரிட்டிஷ் படை சுட்டுக் கொன்ற 306 பேருக்கு, 2006இல்தான் மன்னிப்பு வந்தது. அவர்களில் சிலர் நோயாளிகளாகவே இருந்திருக்க வேண்டும்.

மேட்டூர் வாசகர்: முன்னாள் படைவீரரான அப்பா இராணுவக் கேன்டீன் ரம் இல்லாமல் தூங்குவதில்லை. உடனே நிறுத்தச் சொல்லலாமா?

உடனே வேண்டாம். பல ஆண்டுகள் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். ரம் முன்னிரவில் ஆழ்த்தினாலும், பின்னிரவில் போதை இறங்கும்போது கனவுகள் முன்னிலும் மூர்க்கமாக வரும். அதற்காக மறுநாள் இன்னும் ஒரு பெக் கூடும். மருத்துவமனைக்கு வர மறுத்தால், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணில் நீங்களே முதலில் பேசுங்கள்.

இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் வாசகி: 1990இல் காணாமல் போன என் மாமாவுக்காக, அம்மம்மா இன்றும் இரவில் ஒரு தட்டுச் சோறு மூடி வைக்கிறார். இதுவும் அதே நோயா?

இதை நோய் என்று நான் எழுத மாட்டேன், அம்மா. உடல் கிடைக்காதவனுக்குச் செத்தவீடும் இல்லை, முப்பத்தோராம் நாள் சடங்கான அந்தியேட்டியும் இல்லை. துக்கத்தைத் தொடங்கவே அவருக்கு வழி அடைபட்டிருக்கிறது. போர் தனி மனிதரை மட்டுமல்லாமல் குடும்பத்தையும் ஊரையும் மனிதர்களுக்கிடையிலான நம்பிக்கையையும் சேர்த்தே சிதைக்கிறது என்பதை, யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் விரிவாக எழுதியிருக்கிறார். தட்டை எடுத்துவிடாதீர்கள்; பக்கத்தில் உட்கார்ந்து மாமாவுக்கு என்ன கறி பிடிக்கும் என்று கேளுங்கள். உணவும் உறக்கமும் வெகுவாகக் குறைந்தால் மட்டும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நான் முன்பு சொன்ன அமைதிப் படை வீரரும், உங்கள் அம்மம்மாவைப் போன்ற ஒரு மூதாட்டியும், ஒருநாள் என் அறை வாசலில் ஒரே பெஞ்சில் டோக்கனுடன் உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் பேசிக்கொள்ளவில்லை, அவர் தன் முறையை அந்தப் பாட்டிக்கு விட்டுக்கொடுத்தார்.

ஏற்காடு ஆசிரியை: டிசம்பர் 7, படைவீரர் கொடி நாளுக்கு ஒரு முன்னாள் வீரரைப் பள்ளியில் பேச அழைக்கலாமா?

தனியாகச் சந்தித்து, மறுக்கும் உரிமை அவருக்கு உண்டு என்று சொல்லிவிட்டு அழையுங்கள். எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று எந்தக் குழந்தையும் கேட்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பனியில் என்ன சாப்பிட்டீர்கள், வீட்டுக் கடிதம் எத்தனை நாளில் வந்தது என்று கேட்கட்டும். அவர் பாதியில் நிறுத்திவிட்டால், கை தட்டாமல் தேநீர் கொடுங்கள்.