ஷார்ஜாவிலிருந்து ஒரு ஓட்டு

வணக்கம் சார்,

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களுக்குத் தரும் லைன் வீட்டில் வளர்ந்தவன் நான். தாத்தா சிலோனிலிருந்து வந்தவர். இப்போது ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக் வேலை. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் திருத்தம் தொடங்கியபோது எங்கள் வீட்டுக்கு வந்த வாக்குச்சாவடி நிலை அலுவலர் (பி.எல்.ஓ.), "பையன் வெளிநாட்டிலா? அப்ப இங்க பேர் வராதும்மா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாராம். எனக்கு மனசு கேட்கவில்லை. மாமாவிடம் சொன்னால், "மழையிலயும் அட்டைக்கடியிலயும் கிடக்கிறவன் ஓட்டுப் போடட்டும், துபாய்க்காரனுக்கு எதுக்கு?" என்கிறார். அவர் சொல்வதும் நியாயமாகத்தான் படுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எஸ்., ஷார்ஜா

அன்புள்ள எஸ்.,

மாமாவை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு ஓட்டின் விளைவை அனுபவிக்கிறவன்தான் அதைப் போட வேண்டும் என்கிறார். பச்சைத் தேயிலை விலை விழுந்தால் அடி வாங்குவது அவர், வேலைக்குப் போகும் வழியில் காட்டெருமை நின்றால் ஓடுவதும் அவர். அந்த இரண்டுமே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு வாட்ஸ்அப்பில் வந்ததைப் படித்துவிட்டு நம் எம்.பி.யை முடிவுசெய்யும் ஆட்களை எனக்கும் தெரியும், அவர்களைப் பார்த்தால் எனக்கும் எரிச்சல்தான்.

ஆனால் மாமா ஒன்றை யோசிக்கட்டும். நீலகிரி மக்களவைத் தொகுதி என்பது ஊட்டி, குன்னூர், கூடலூர் மட்டுமில்லை, மேட்டுப்பாளையமும் அவினாசியும் பவானிசாகரும் சேர்ந்தது. கோவை, திருப்பூர், ஈரோடு என்று மூன்று மாவட்டத்துக்காரர்கள் கீழே இருந்து நம் எம்.பி.யைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவினாசியில் தறி ஓட்டுகிறவருக்கு இலை விலை தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் கேட்டதில்லையே. அடிபடுகிறவனுக்குத்தான் ஓட்டு என்ற கணக்கில் நம் தேர்தல் என்றைக்குமே நடந்ததில்லை.

சரி, அந்தக் கணக்கையே வைத்துக்கொண்டாலும் உங்களுக்கு இங்கே பாடு இல்லையா என்ன? அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் தன் நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறையிடமே திருப்பிக் கொடுப்பது என்று 2022-ல் முடிவானபோது, லைன் வீடுகளில் இருந்தவர்கள் எல்லாருக்கும் முதலில் வந்த கேள்வி, வேலை போனால் வீடு என்ன ஆகும் என்பதுதான். அந்த மாதிரி வீட்டில்தான் உங்கள் அம்மா இருக்கிறார். அவருக்கு மாசாமாசம் பணம் அனுப்புகிறவர் நீங்கள், நாளைக்கு வீட்டைக் காலி செய்யச் சொன்னால் போனில் அழைப்பு வரப்போவதும் உங்களுக்குத்தான்.

இதெல்லாம் கூட எனக்கு இரண்டாம்பட்சம். நான் முதலில் கேட்பது வேறு. இந்தியாவில் உங்களுக்கு ஓட்டு இல்லை என்றால் வேறு எங்கே இருக்கிறது? ஷார்ஜாவில் இருபது வருஷம் வேலை பார்த்தாலும் அங்கே நீங்கள் விசாவில் இருக்கும் ஆள்தான், வேலை போனால் மூட்டை கட்ட வேண்டியதுதான். கனடாவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போனவர் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிய அன்றே நம் குடியுரிமைச் சட்டப்படி இந்தியர் இல்லை, இங்கே ஓட்டும் இல்லை. அவர் அங்கே போட்டுக்கொள்ளலாம். ஆக, இந்திய பாஸ்போர்ட்டோடு வெளியே இருப்பவர்களில் பெரும்பாலானவர்கள் வேறு எந்த நாட்டிலும் ஓட்டில்லாதவர்கள். (பிரிட்டனில் கதை வேறு. காமன்வெல்த் குடிமகன் என்ற கணக்கில் இந்தியர்கள் அங்கே நாடாளுமன்றத் தேர்தலிலேயே ஓட்டுப் போடலாம். வெள்ளைக்காரன் விட்டுப்போன மிச்சம்!)

எங்கேயும் ஓட்டில்லாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று உங்கள் தாத்தாவைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். 1947 தேர்தலில் சிலோன் இந்திய காங்கிரஸ் ஏழு இடங்களில் ஜெயித்தது, அதில் மலையகத் தோட்டத் தொழிலாளர் ஓட்டுக்குப் பெரிய பங்கு. அடுத்த வருஷமே அந்தத் தொழிலாளர்களில் பெரும்பாலோரைக் குடிமக்கள் இல்லை என்றாக்கிய குடியுரிமைச் சட்டம் வந்தது, அதற்கடுத்த வருஷம் தேர்தல் சட்டத்தைத் திருத்தி ஓட்டையும் பிடுங்கினார்கள். அப்புறம் 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் உட்கார்ந்து பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பத்து வருஷம் கழித்து ஆளுக்குப் பாதியாக, தலைக்கு 75,000 என்று சந்தையில் மாடு பிரிக்கிற மாதிரி பிரித்தார்கள். அந்த மனுஷர்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டிய கட்டாயம் இரண்டு அரசாங்கத்துக்குமே இல்லை, ஏனென்றால் அவர்களால் யாரும் தோற்கப்போவதில்லை. தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் இந்தக் குளிருக்கு வந்து சேர்ந்து இவர்கள் ஓட்டுப் போட ஆரம்பித்தார்கள். கோத்தகிரி பக்கம் தேர்தல் நாளில் வயதான சிலோன்காரர்கள் விடிவதற்குள் சால்வையைப் போர்த்திக்கொண்டு சாவடியில் வரிசைக்கு வந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன், அவர்களுக்கு முன்னால் போக வேண்டுமென்றால் நாம் தூங்காமல்தான் இருக்க வேண்டும். அந்தக் குடும்பத்துப் பையனிடம் போய், உனக்கு எதுக்குடா ஓட்டு என்று நான் எப்படிக் கேட்பேன்?

ஆகவே உரிமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. எப்படிப் போடுவது என்பதில்தான் நிறைய சந்தேகம். இப்போதிருக்கும் வழியைப் பாருங்கள். சட்டம் திருத்தி 2011-லிருந்து வெளிநாட்டில் வாழும் குடிமக்கள் வாக்காளராகப் பதியலாம் என்றார்கள், ஆனால் நேரில் வந்துதான் போட வேண்டும். 2024-ல் பதிந்தவர்கள் 1.19 லட்சம் பேர். வந்து போட்டவர்கள் 2,958. அதிலும் 2,670 பேர் கேரளாவில். மீதி இந்தியா முழுக்கச் சேர்த்து முந்நூறு பேர்கூட இல்லை! டிக்கெட்டுக்குப் பணமும் லீவும் உள்ளவருக்குத்தான் இந்த உரிமை. உங்கள் முதலாளி ஏப்ரலில், அதுவும் ஏ.சி. சீசன் தொடங்கும்போது, ஓட்டுப் போட லீவு தருவாரா?

இதற்கு மாற்றாக 2018-ல், பதிலாள் வைத்துப் போடலாம் என்று ஒரு மசோதா மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையில் நிறைவேறாமலே அடுத்த வருஷம் காலாவதியானது. நல்லவேளை என்பேன். உங்களுக்காக உங்கள் மாமா போடுவார், அவருக்குப் பிடித்த சின்னத்தில். ராணுவத்தினருக்குத் தருவது மாதிரி தாளை இணையத்தில் அனுப்பி, தபாலில் திருப்பி வாங்கும் ஓட்டை வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் தரலாம் என்று தேர்தல் ஆணையம் 2020-ல் சொன்னது. அது கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் பாஸ்போர்ட்டையே முதலாளி பிடுங்கி வைத்திருக்கும் லேபர் கேம்பில், பத்துப் பேர் படுக்கும் அறையில், அந்தத் தாளில் யார் கை டிக் அடிக்கும்? எனக்குக் கேட்டால் தூதரகத்தில் சாவடி போடுங்கள், திரை கட்டுங்கள், கட்சிக்காரன் ஏஜென்டாக உட்காரட்டும் என்பேன். ஒரே நாளில் முடியாவிட்டால் வளைகுடாவின் வெள்ளிக்கிழமைகளைப் பார்த்து இரண்டு மூன்று நாள் நடத்தட்டும். பிரான்சு தன் ஆட்களுக்கு வெளிநாட்டுத் தூதரகங்களிலேயே சாவடி வைக்கிறது, 2012-லிருந்து அவர்களுக்கென்றே பதினொரு எம்.பி. தொகுதிகளும் இருக்கின்றன. தனித் தொகுதியெல்லாம் நமக்கு வேண்டாம், உங்கள் ஓட்டு கோத்தகிரியில் விழுந்தால்தான் அது அம்மா வீட்டுக்குப் பிரயோஜனம்.

கடைசியாக, பி.எல்.ஓ. சொன்னது பாதி சரி. சாதாரண வாக்காளராக உங்கள் பெயர் இருக்க முடியாது. படிவம் 6ஏ என்று ஒன்று இருக்கிறது, ஆன்லைனிலேயே போடலாம், பட்டியலின் கடைசியில் வெளிநாட்டு வாக்காளர் என்ற தனிப் பகுதியில் பெயர் சேர்ப்பார்கள். வாக்காளர் அட்டை தரமாட்டார்கள், சாவடிக்கு அசல் பாஸ்போர்ட்டைக் கொண்டுபோக வேண்டும். ஆனால் பதிவது பாஸ்போர்ட்டில் உள்ள இந்திய முகவரியில்தான். நம் பக்கத்துப் பையன்கள் பலர் அவசரத்துக்குக் கோயம்புத்தூரில் சித்தப்பா வீட்டு விலாசத்தைக் கொடுத்துப் பாஸ்போர்ட் எடுத்தவர்கள். உங்களுடையதில் எந்த விலாசம் இருக்கிறது என்று முதலில் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், கோவை என்றிருந்தால் அதை மாற்றிவிட்டு அப்புறம் 6ஏ போடுங்கள்.