சம்பந்திகள் எங்கே?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாங்கள் பல ஆண்டுகளாக அமெரிக்காவில் இருக்கிறோம். மகளுக்குப் பதின்மூன்று வயது. 'நெவர் ஹேவ் ஐ எவர்' தொடரை இரண்டாம் முறையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தமிழ்ப் பெண்ணைக் கதாநாயகியாக வைத்து ஒரு தொடர் வந்ததில் எனக்கும் பெருமைதான். ஆனால் அந்தத் தேவி, பாக்ஸ்டன், பென் என்று வெள்ளைக்காரப் பையன்கள் பின்னாலேயே சுற்றுகிறாள். கடைசியில் பென்னோடுதான் சேர்கிறாள். இப்போதெல்லாம் பிள்ளைகள் பார்க்கும் தொடர்களில் எந்த ஜோடியை எடுத்தாலும் ஆளுக்கொரு நிறம். இதைத் திட்டமிட்டுத்தான் செய்கிறார்களா? இந்தியப் பையன் வந்தால் கோமாளியாகத்தான் வருகிறான். நேற்று மகள், "நம்மள மாதிரி பசங்கள யாருக்குமே பிடிக்காதாம்மா?" என்று கேட்டாள். என்ன சொல்வதென்று தெரியவில்லை. இந்தத் தொடர்களையெல்லாம் பார்க்க விடலாமா?

எம்.

அன்புள்ள எம்,

உங்கள் கடிதத்தில் நிறையக் கேள்விகள் இருந்தாலும் பதில் சொல்லத் தகுந்தது உங்கள் மகளுடையது மட்டும்தான். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

திட்டமிட்டுத்தான் செய்கிறார்களா? ஆமாம். எந்தத் தொடரிலும் யார் யாரோடு சேர வேண்டும் என்பதை ஓர் அறையில் நாலு பேர் உட்கார்ந்துதான் முடிவு செய்கிறார்கள். முன்பு ஒரே நிறத்து ஜோடிகளாகக் காட்டிக்கொண்டிருந்தபோதும் அப்படித்தான் முடிவு செய்தார்கள். அப்போது யாரும் அதைத் திட்டம் என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். 1967 ஜூனில் லவிங் என்ற தம்பதியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்வரை, நீங்கள் இருக்கும் நாட்டின் பதினாறு மாநிலங்களில் இனம் மாறிக் கல்யாணம் செய்துகொள்வது சட்டப்படி குற்றம். அதற்கு முன்னால் 1958இல் கார்த் வில்லியம்ஸ் ஒரு குழந்தைப் படப்புத்தகம் போட்டார். ஒரு கறுப்பு முயலும் ஒரு வெள்ளை முயலும் கல்யாணம் செய்துகொள்ளும் கதை. அலபாமாவில் அதற்கே ரகளை. பொது நூலகங்களின் திறந்த அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து உள்ளே வைத்தார்கள். முயலுக்கே இந்தக் கதி என்றால் மனிதர்களைத் தொலைக்காட்சியில் காட்ட எவ்வளவு யோசித்திருப்பார்கள்!

இந்தியப் பையன் கோமாளியாக வருகிறான் என்பது சரி. 'ஜெஸ்ஸி' தொடரில் வரும் ரவியைப் பார்த்து நானும் பல்லைக் கடித்திருக்கிறேன். ஆனால் அது வேறு வியாதி, அதற்கு வேறு மருந்து. இன்றைக்கு வேண்டாம்.

இனிக் கொஞ்சம் திட்டப் போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் அந்தத் தொடரைப் பார்க்கவில்லை. மகள் பார்க்கும்போது கூடத்தைக் கடந்து போயிருக்கிறீர்கள். பாக்ஸ்டன் வெள்ளைக்காரன் இல்லை, பாதி ஜப்பானியன். முழுப்பெயரே பாக்ஸ்டன் ஹால்-யோஷிடா. இரண்டாம் சீசனில் தன் தாத்தாவை வகுப்பறைக்கே அழைத்து வருகிறான். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர்கள் என்பதற்காகவே அமெரிக்க அரசு தங்களை மன்சனார் முகாமில் அடைத்து வைத்ததை அந்தக் கிழவர் பிள்ளைகளிடம் சொல்கிறார். மூன்றாம் சீசனில் நீங்கள் ஆசைப்பட்ட இந்தியப் பையனே வருகிறான், டெஸ் என்று. பார்க்க லட்சணமானவன், கெட்டிக்காரன், கோமாளி இல்லை. தேவிக்கும் அவனுக்கும் நன்றாகவே ஒத்துப்போகிறது. பிரித்தது யார்? அவன் அம்மா. தேவியின் அம்மா நளினியோடு சிரித்துப் பழகிக்கொண்டே, அப்பா செத்த துக்கத்தில் மனம் தடுமாறிய பெண் தன் மகனுக்கு வேண்டாம் என்று தீர்மானிக்கிறாள். பையனும் சரி என்று தலையாட்டிவிடுகிறான். அந்த அம்மாவை எங்கேயோ பார்த்ததுபோல் உங்களுக்குத் தோன்றவில்லையா?

எனக்கு உண்மையிலேயே ஆச்சரியம் என்னவென்றால், பாட்டியைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அந்தத் தொடர் 2023இல் முடியும்போது நடப்பது தேவியின் கல்யாணமா? இல்லை. அவளுடைய பாட்டி நிர்மலாவின் கல்யாணம். மாப்பிள்ளை லென் என்ற வெள்ளைக்காரர். பேத்தி ஒரு பையனை முத்தமிட்டது உங்கள் கண்ணை உறுத்துகிறது. நளினியின் மாமியார்க்காரி பந்தலில் உட்கார்ந்தது கண்ணிலேயே படவில்லை. ஏனென்றால் ஜோடி என்றாலே நமக்கு இளசுகள்தான் ஞாபகம் வருகிறது.

இங்கேதான் நான் கொஞ்ச காலமாகவே யோசித்துக்கொண்டிருக்கும் விஷயத்தில் உங்கள் கடிதம் கை வைத்துவிட்டது. இந்தத் தொடர்களில் எல்லாம் எனக்கு உறுத்துவது நிறம் கலப்பது இல்லை. சம்பந்திகள் இல்லாததுதான். இரண்டு பேர் காதலிப்பார்கள், அவர்களுக்குப் பின்னால் இரண்டு வீடு இருக்காது. இருந்தாலும் ஒரு வீட்டுக்கு இன்னொரு வீட்டைத் தெரியாது.

'பாய் மீட்ஸ் வேர்ல்ட்' என்று ஒரு தொடர், 1993 முதல் 2000 வரை அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் வந்தது. ஷான் வெள்ளை, ஏஞ்சலா கறுப்பு. ஷானுக்கு ஒரு கைப்பை கிடைக்கிறது, அதற்குள் இருக்கும் பொருட்களைப் பார்த்தே அதன் சொந்தக்காரி மேல் காதல் வந்துவிடுகிறது. அது ஏஞ்சலாவின் பை. அழகான தொடக்கம்தான். அவர்கள் நிறத்தைப் பற்றி அப்புறம் ஏறக்குறைய யாருமே வாய் திறப்பதில்லை. இதைப் பெரிய முன்னேற்றம் என்று அப்போதும் சொன்னார்கள், இப்போதும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஷானின் அப்பா செத்துப்போகிறார். ஏஞ்சலாவின் அப்பா ராணுவத்தில் இருக்கிறார், எப்போதோ ஒருமுறை தலையைக் காட்டுகிறார். கடைசியில் அவரோடு அவளும் ஐரோப்பாவுக்குப் போய்விடுகிறாள். பெரியவர்களை ஒவ்வொருவராக அப்புறப்படுத்திவிட்டால் நிறத்தைப் பற்றி யார்தான் பேசப் போகிறார்கள்?

இதற்கு நேர் எதிர்வகை, பாடம் நடத்தும் வகை. 1980களின் இறுதியில் கனடாவில் வந்த 'டெக்ராசி ஜூனியர் ஹை'யில் மிஷெல் என்ற வெள்ளைப் பெண்ணும் பிஎல்டி என்று கூப்பிடப்படும் கறுப்புப் பையனும் பழகுகிறார்கள். பெண்ணின் பெற்றோர் ஆட்சேபிக்கிறார்கள். இங்கே பெரியவர்கள் இருக்கிறார்கள், ஆனால் முட்டுக்கட்டை போடத்தான் இருக்கிறார்கள். ஒன்று வீடே இல்லை, இல்லையென்றால் வீடு வில்லன். எல்லோரும் மேற்கோள் காட்டும் 1968ஆம் வருடத்து 'ஸ்டார் ட்ரெக்' விண்வெளித் தொடரில் வரும் வெள்ளை ஆண், கறுப்புப் பெண் முத்தத்தை இந்தக் கணக்கிலேயே நான் சேர்ப்பதில்லை. குழந்தைகள் தொடரும் இல்லை, அந்த இருவரும் தாங்களாக முத்தமிட்டுக்கொள்ளவும் இல்லை. வேற்றுக்கிரகவாசிகள் மனோசக்தியால் ஆட்டிவைக்கிறார்கள்!

இரண்டு வீட்டாரும் ஒரே மேசையில் உட்காரும் காட்சியை நான் பார்த்தது, நம்பினால் நம்புங்கள், ஒரு கார்ட்டூனில். 'ஸ்டீவன் யூனிவர்ஸ்', 2013இல் தொடங்கியது. கானி மகேஸ்வரன் என்று ஒரு இந்திய வம்சாவளிப் பெண். பெயரைக் கேட்டதும் நம் ஆட்களுக்குக் காது விடைக்கும். கண்டிப்பான பெற்றோர். பையனின் குடும்பத்தைப் பார்க்காமல் அவனோடு பழக விட மாட்டோம் என்கிறார்கள். ஸ்டீவனுக்கு அம்மா கிடையாது, வேற்றுலகத்திலிருந்து வந்த மூன்று பேர்தான் அவனை வளர்க்கிறார்கள். கானியோ அவனுக்கு ஒழுங்கான அப்பா அம்மா இருப்பதாக வீட்டில் புளுகி வைத்திருக்கிறாள். மூவரில் யாரை அம்மாவாக அனுப்புவது என்று முடிவுக்கு வர முடியாமல், மூவரும் ஒன்றாகக் கலந்து ஆறு கையும் இரண்டு வாயும் உள்ள ஒரு ராட்சசியாக விருந்துக்கு வந்து உட்காருகிறார்கள். பெண்ணின் பெற்றோர் எதிரே அமர்ந்து நாகரிகமாகப் பேச்சுக் கொடுக்க முயல்கிறார்கள். விருந்து நாசமாகிறது. விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்துவிட்டு யோசித்தால், சம்பந்தி வீட்டாரை முதன்முதலாகப் பார்க்கும் யாருக்கும் எதிரில் இருப்பவருக்கு ஆறு கை இருப்பதாகத்தானே தோன்றும்?

எனக்கு இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பீர்கள். என் அக்கா மகள் ஒரு கறுப்பின அமெரிக்கரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அக்கா முதலில் பேசாமல் இருந்தாள், பேரன் பிறந்ததும் பேசினாள். எல்லா வீட்டிலும் நடப்பதுதான். நான் அங்கே போயிருந்தபோது ஒரு மழை நாளில் அக்கா, அவளுடைய சம்பந்தியம்மாள், ஐந்து வயதுப் பேரன், நான் என நாலு பேரும் பழைய 'சின்ட்ரெல்லா' பார்த்தோம். 1997 நவம்பரில் ஏபிசியில் வந்தது, அன்று சுமார் ஆறு கோடிப் பேர் பார்த்தார்கள். பாடகி பிராண்டி சின்ட்ரெல்லா. ராஜா விக்டர் கார்பர், வெள்ளை. ராணி வூப்பி கோல்ட்பர்க், கறுப்பு. அவர்களுடைய மகன், இளவரசன், மணிலாவில் பிறந்த பாவ்லோ மொன்டல்பான். ஏன், எப்படி என்று படத்தில் யாரும் கேட்பதில்லை. அக்கா மட்டும் கேட்டாள். "ராஜா இப்படி, ராணி அப்படி, இந்தப் பையன் யார் ஜாடை?"

அக்கா மகள் சமையலறையிலிருந்தபடியே மொழிபெயர்த்தாள். சம்பந்தியம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் பிள்ளைகளை 1997இல் இதன் முன்னால் உட்கார வைத்ததாகவும், அன்று தன் தாயாரும் இதையே கேட்டதாகவும் சொன்னார். பிறகு பேரனின் மூக்கு யாருடையது என்று இரண்டு பேருக்கும் தகராறு. ஒருவருக்கு ஒருவர் மொழி தெரியாது, ஆனால் தகராறு நிற்கவில்லை. பையனைத் திருப்பித் திருப்பி வெளிச்சத்தில் காட்டினார்கள். அவன் படம் மறைக்கிறது என்று கத்தினான். ராஜா ராணி பக்கம் அவன் கவனமே இல்லை, எலிகள் எப்போது குதிரையாகும் என்பதுதான் அவன் கவலை.

இந்தத் தகராறைத்தான் நான் தொடர்களில் தேடுகிறேன். கிடைப்பதில்லை. தேவியின் கதையில் ஓரளவுக்கு இருக்கிறது. முதல் சீசனில் கணேச பூஜைக்கு வரும் ஜெயாவை உங்கள் மகளிடம் கேளுங்கள். வேற்று மதத்தவரைக் கல்யாணம் செய்துகொண்டதற்காக ஒதுக்கிவைக்கப்பட்டவள், பிறகு மணவிலக்கும் ஆகிவிட்டது. அவள் தனியாக இருப்பதும் மற்ற மாமிகள் அவளைப் பார்க்கும் பார்வையும் ஐந்து நிமிடம்கூட வராது. ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில்தான் வீடு என்று ஒன்று இருக்கிறது.

சரி, உங்கள் மகள். "நம்மள மாதிரி பசங்கள யாருக்குமே பிடிக்காதா" என்று அவள் கேட்டது பையன்களைப் பற்றியா, தன்னைப் பற்றியா? பதின்மூன்று வயதில் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு கேட்கிற கேள்வி அது. அதைப் போய்த் தொடரைத் தடை செய்யலாமா என்று மாற்றிக் கேட்கிறீர்களே தாயே! தடை செய்தால் போனில் பார்ப்பாள், கேள்வி மட்டும் உங்களிடம் வராது. முதல் சீசனிலிருந்து அவளோடு உட்கார்ந்து பாருங்கள், முத்தம் வரும் இடத்தில் தண்ணீர் குடிக்க எழுந்து போகாமல். அவளுக்கு விருப்பம் இருந்தால் எனக்கு நேரடியாக எழுதட்டும். தமிழில் வராவிட்டால் ஆங்கிலத்தில் எழுதட்டும். நீங்கள் வாங்கிப் படித்துத் திருத்தி அனுப்ப வேண்டாம்.